திங்கட்கிழமைக்கும் ஒரு நெட் பாவாடை

"எங்க ஃபங்ஷன்?"

நெட் பாவாடையோடு வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணிடம் நம் ஊர் கேட்கும் முதல் கேள்வி இது. வாட்ச்மேன் கேட்பார். லிஃப்டில் கூட வரும் மாமி கேட்பார். தெருமுனையில் பூ விற்கும் அம்மா கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மல்லிகையை முழம் போடவே ஆரம்பித்துவிடுவார். "ஃபங்ஷன்லாம் இல்லம்மா, ஆபீஸ்தான்" என்றால் மேலும் கீழும் ஒரு பார்வை. அதில் கோபமும் இருக்காது, கேலியும் இருக்காது. நிஜமாகவே புரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. வேலை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும்போது சோறு தண்ணி மறந்துபோகிற வேலை. ஃபேஷன் உலகத்துக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு நான் அடிக்கடி நெட் பாவாடையில்தான் போகிறேன். சாம்பல் நிறம். நீளம் கெண்டைக்கால் பாதி வரை. மேலே சாதாரணக் காட்டன் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் டூல் ஸ்கர்ட் என்று போடுவார்களே, அதுதான். நம் கடைகளில் நெட் என்று கேட்டு வாங்குகிறோம்.

எப்படித் துணிச்சல் வந்தது என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். இதற்குத் துணிச்சல் எல்லாம் வேண்டாம். எந்த நெட், என்ன லைனிங், எவ்வளவு சுருக்கம் என்று தெரிந்தால் போதும். அதைத்தான் இங்கே சாவகாசமாக எழுதி வைக்கிறேன்.

மலிவுத் துணியின் மகாராணி வேஷம்

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நெட் மலிவான துணி. பட்டு, ஷிஃபான், கைத்தறி எதனோடும் ஒப்பிட முடியாத மலிவு. சென்னை பாரிமுனையில் கோடவுன் தெருப் பக்கம் போனால் சாதாரண சாஃப்ட் நெட் மீட்டர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஜரிகை, கல், கண்ணாடி என்று வேலைப்பாடு ஏறும்போதுதான் விலையும் ஏறுகிறது. வெறும் நெட்டுக்கு விலை ஒன்றுமேயில்லை.

ஆனால் நாம் அதை எங்கெல்லாம் பார்க்கிறோம்? முதல் பிறந்தநாள் ஃப்ராக். புதுநன்மைக்குப் போகும் சிறுமியின் வெள்ளை கவுன். சர்ச் கல்யாணத்தில் மணப்பெண்ணின் முக்காடு. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுக்கும் லெஹெங்காவுக்குள் குடை மாதிரி நிற்கும் கேன்கேன். இவை எல்லாமே ஒரு நாள் உடுப்பு. அதனால் நெட்டும் ஒரு நாள் துணி என்று மனசில் பதிந்துவிட்டது. தோற்றத்தைப் பார்த்து மயங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிறோம். விலையைப் பார்த்திருந்தால் திங்கட்கிழமையும் உடுத்தியிருப்போம்.

ஒரு காலத்தில் அது நிஜமாகவே பூட்டி வைக்கிற துணிதான். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு வரை வலைத்துணியைக் கையால் பின்னினார்கள். ஒரு திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு கண்ணாக முறுக்கிக்கொண்டே போக வேண்டும். வாங்கி உடுத்த அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும்தான் கட்டுப்படியானது.

1808லும் 1809லும் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் அந்தக் கைவேலையைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். லஃப்பரோ என்ற ஊரில் ஆலை வைத்தார். 1816 ஜூன் மாதம் ஓர் இரவில் லுடைட்டுகள் என்ற தொழிலாளர் கூட்டம் உள்ளே புகுந்து 55 இயந்திரங்களை அடித்து நொறுக்கியது. அதற்காகச் சிலர் தூக்கில் தொங்கினார்கள். ஹீத்கோட் மூட்டை கட்டிக்கொண்டு டெவன் பகுதியில் டிவர்ட்டன் என்ற ஊருக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். அந்த நிறுவனம் இன்றைக்கும் அதே ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியபோது விரிந்த பாராசூட்டுக்குத் துணி போனது அங்கிருந்துதான்.

இயந்திரம் வந்தபின் வலைத்துணி பிரபுக்களின் கையை விட்டுப் போய்விட்டது. மணப்பெண் முக்காட்டுக்கும் போனது, கொசுவலைக்கும் போனது. என் அம்மா முதல்முறை என் பாவாடையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, கொசுவலையைச் சுத்திக்கிட்டு நிக்கற?" என்றார். கிண்டலுக்குச் சொன்னாலும் அதில் தப்பே இல்லை. கொசுவலையும் இதுவும் ஒரே வம்சம். அந்த வம்சத்தில் ஒன்றைத் தினமும் கட்டிலில் கட்டுகிறோம், இன்னொன்றைப் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கிறோம்.

தீயோடு மட்டும் விளையாடாதீர்கள்

நெட் பாவாடை என்றதும் பாலே நடனம் ஞாபகம் வரும். 1832 மார்ச்சில் பாரிஸ் ஓபராவில் லா சில்ஃபீட் என்ற பாலே அரங்கேறியது. மரீ டாலியோனி அதில் காற்றில் உலவும் தேவதை. மெல்லிய வெள்ளைத் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த பாவாடையில் ஆடினார். இன்று வரைக்கும் பாலே உடை என்றால் நம் கண்ணில் நிற்பது அந்த வெள்ளைப் பாவாடையின் சந்ததிதான். அப்போது மேடைக்கு கேஸ் விளக்கு வந்திருந்தது. அந்த வெளிச்சம் மெல்லிய துணியில் பட்டுப் பரவும்போது ஆடுபவர் தரையில் நிற்கிறாரா மிதக்கிறாரா என்று சபைக்குச் சந்தேகம் வரும்.

அதே விளக்குதான் எமனாகவும் வந்தது. 1862 நவம்பரில் அதே பாரிஸ் ஓபராவில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக் கலைஞரின் பாவாடை கேஸ் விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் வேதனைப்பட்டு அடுத்த ஆண்டு இறந்துபோனார். வயது 20. துணியை ரசாயனத்தில் முக்கித் தீப்பிடிக்காமல் செய்யும் முறை அப்போதே இருந்தது. துணி மங்கிவிடுகிறது, விறைத்துக்கொள்கிறது என்று அதை வேண்டாமென்று சொல்லியிருந்தார் அவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று நாம் வாங்கும் நெட் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படி, கார்த்திகை அகல் விளக்கு, தீபாவளி மத்தாப்பு, இந்த மூன்று இடத்திலும் நெட் கூடவே கூடாது. வேடிக்கை என்னவென்றால், விசேஷத்துக்கு மட்டும் என்று நாம் எடுத்து வைக்கும் இந்தத் துணிக்கு விசேஷ வீடுதான் ஆபத்தான இடம். குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் சுற்றி வருவது அங்கேதான். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் திங்கட்கிழமையில் நெட்டுக்கு ஒரு கெடுதலும் வராது.

நடன அரங்கிலிருந்து நடைபாதைக்கு

இரண்டாம் உலகப் போரின்போதும் அது முடிந்த பிறகும் ஐரோப்பாவில் துணிக்குத் தட்டுப்பாடு. 1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய ஆடைகளில் இடுப்பு சிறுத்து, பாவாடை மீட்டர் மீட்டராக விரிந்தது. அப்படி விரித்து நிறுத்த உள்ளே வலைத்துணி அடுக்கு. 1950களில் உலகம் முழுக்க அந்தக் குடைப் பாவாடை பரவியபோதும் நெட் பெரும்பாலும் உள்ளேதான் இருந்தது. உழைப்பு அதனுடையது, பெயர் மேலே இருந்த துணிக்கு.

அதை வெளியே இழுத்து நடைபாதையில் விட்ட காட்சி 1998இல் வந்தது. செக்ஸ் அண்ட் த சிட்டி என்ற அமெரிக்கத் தொடரின் டைட்டில். நாயகி கேரி நியூயார்க் தெருவில் வெள்ளை நெட் பாவாடையும் பனியன் மாதிரி ஒரு மேலாடையுமாக நடந்து வருவார். பக்கத்தில் போகும் பஸ் சேற்றுத் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போகும். அந்தப் பஸ்ஸிலேயே அவருடைய விளம்பரப் படம் பெரிதாக ஒட்டியிருக்கும். உடை வடிவமைப்பாளர் பாட்ரிசியா ஃபீல்ட் அந்தப் பாவாடையை மலிவு விற்பனைத் தொட்டி ஒன்றிலிருந்து 5 டாலருக்கு எடுத்தார். 2024 ஜனவரியில் அது 52,000 டாலருக்கு ஏலம் போனது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 5 டாலர் துணிக்கு விலை, மீதியெல்லாம் அதைத் தெருவில் உடுத்தி நடந்ததற்கு.

2016 செப்டம்பரில் டியோர் நிறுவனத்துக்கு முதல் பெண் தலைமை வடிவமைப்பாளராக வந்த மரியா கிராசியா கியூரி தன் முதல் தொகுப்பைக் காட்டினார். அதில் எல்லோரும் பேசியது, எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் பெண்ணியக் கட்டுரைத் தலைப்பை அச்சிட்ட வெள்ளை டி-ஷர்ட். அந்த டி-ஷர்ட்டுக்குக் கீழே இருந்தது நெட் பாவாடை. லண்டனில் மாலி காடர்ட் என்ற வடிவமைப்பாளர் நெட்டைச் சுருக்கிச் சுருக்கித் தைத்தே பெயர் வாங்கியவர். அவர் தைத்த பிரம்மாண்டமான பிங்க் கவுனைத்தான் 2018இல் வந்த கில்லிங் ஈவ் தொடரில் கொலைகாரி வில்லனெல் போட்டுக்கொண்டு திரிவார். காலில் கனமான கறுப்பு பூட்ஸ்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பனியன், டி-ஷர்ட், பூட்ஸ். நெட்டுக்குத் துணையாக யாரும் இன்னொரு பகட்டான பொருளைச் சேர்க்கவில்லை. கையில் கிடைத்த, அழுக்குப் படிந்தாலும் கவலையில்லாத பொருளைத்தான் சேர்த்தார்கள். நாம் செய்வது நேர்மாறு. நெட் பாவாடை என்றால் கல் வைத்த ரவிக்கை, ஜிமிக்கி, ஹீல்ஸ், தலையில் பூ என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். அப்புறம் "எங்க ஃபங்ஷன்?" என்று கேட்காமல் என்ன செய்வார்கள்?

துணி எடுக்கும்போது

கடையில் சுருளை விரித்துக் காட்டியதும் மயங்கக்கூடாது. ஒரு முனையைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விடுங்கள். சட்டென்று எகிறி விறைத்து நின்றால் அது ஹார்டு நெட், கேன்கேனுக்குப் போகிற சரக்கு. மெதுவாக விரிந்து கையோடு தொங்கினால் அதுதான் அன்றாடப் பாவாடைக்கு. அப்புறம் மணிக்கட்டின் உட்பக்கத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் முழங்காலுக்குப் பின்னால் நாள் முழுக்க உறுத்தும்.

நிறத்தை ஒற்றை மடிப்பில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெட்டில் ஓட்டைதான் அதிகம், நூல் குறைவு. ஒற்றையாகப் பார்த்தால் எல்லா நிறமும் சோகையாகத் தெரியும். நாலாக மடித்து, உள்ளே லைனிங் துணியை வைத்துப் பார்த்தால்தான் தைத்தபின் வரும் நிறம் தெரியும். இதிலேயே ஒரு விளையாட்டும் உண்டு. மெரூன் லைனிங் மேல் சாம்பல் நெட் போட்டால் நடக்கும்போது உள்நிறம் மின்னி மின்னி மறையும். இரண்டு அடுக்கு நெட்டையும் வேறு வேறு நிறத்தில் வைக்கலாம், நீலத்தின் மேல் கறுப்பு மாதிரி.

வெள்ளை, பேபி பிங்க், லாவெண்டர் மூன்றும் பிறந்தநாள் கேக்கை நினைவுபடுத்தியே தீரும். முதல் பாவாடைக்குச் சாம்பல், நேவி, பாசிப் பச்சை, காப்பி நிறம், கறுப்பு என்று போங்கள். கிளிட்டர் தூவிய நெட் வேண்டவே வேண்டாம். அந்த மினுமினுப்பு ஆபீஸ் நாற்காலியிலும் ஃபைலிலும் பக்கத்து சீட்டுக்காரர் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு, நீங்கள் ரிட்டயர் ஆகும் வரை போகாது.

டெய்லரிடம் பேரம்

எங்கள் தெரு டெய்லர் அண்ணனுக்கு நெட் என்றால் குழந்தை ஃப்ராக்தான். நான் துணியை நீட்டியதும், "பாப்பாவுக்கு எத்தனை வயசு மேடம்?" என்றார். எனக்குத்தான் என்றேன். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

அவரும் நானும் பேசிப் பேசிக் கண்டுபிடித்த விஷயங்கள் இவை.

இடுப்பிலிருந்தே நெட்டைச் சுருக்கக் கூடாது. சுருக்கம் எல்லாம் வயிற்றில் குவிந்து நின்றுகொள்ளும். லைனிங் துணியிலேயே இடுப்பிலிருந்து ஒரு சாண் இறக்கத்துக்கு யோக் என்கிற அகலப் பட்டை வைத்து, அதற்குக் கீழே நெட்டைப் பிடிக்க வேண்டும். சட்டை அந்த யோக்கை மறைத்துவிடும். சதைப்பிடிப்பான உடம்பு என்று நெட்டைப் பார்த்தாலே ஒதுங்குபவர்கள் தைரியமாக இந்த முறையில் தைக்கலாம்.

சுருக்கத்தின் அளவு, பிடிக்கிற இடத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு போதும். மூன்று மடங்குக்கு மேல் போனால் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் மடியில் நம் பாவாடை உட்கார்ந்திருக்கும். அடுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

கீழ் ஓரத்தை மடித்து அடிக்கத் தேவையில்லை. இதைத்தான் அண்ணன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "மடிக்காம விட்டா பிசிறு வரும் மேடம். ஒரு சாட்டின் பைப்பிங்காவது குடுத்துடறேன், ஃபினிஷிங் நல்லா இருக்கும்." நெட் பிசிறாது. சாதாரணத் துணியில் குறுக்கு நூலும் நெடுக்கு நூலும் வெறுமனே ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, அதனால் வெட்டினால் உருவிக்கொண்டு வரும். இதில் நூல்கள் ஒன்றோடொன்று முறுக்கியோ பின்னியோ இருப்பதால் வெட்டின இடத்திலேயே நிற்கும். ஓரத்தில் பைப்பிங் வந்துவிட்டால் பாவாடை வளையம் போட்டது மாதிரி விறைத்துக்கொள்ளும். கத்தரியால் நேராக வெட்டி விட்டாலே போதும்.

லைனிங் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நெட்டில் காற்று தாராளமாகப் போகும். சென்னை வெயிலில் வேக வைப்பது உள்ளே கொடுக்கிற சாட்டினும் க்ரேப்பும்தான். நான் மெல்லிய காட்டன் போடச் சொல்கிறேன். காட்டன் மேல் நெட் கொஞ்சம் ஒட்டி ஏறும், க்ரேப் மாதிரி வழுக்காது. ஆனால் வேர்வையை உறிஞ்சும். மே மாதத்தில் எனக்கு அதுதான் முக்கியம். லைனிங்கை நெட்டைவிட ஓர் அங்குலம் குட்டையாக விடச் சொல்லுங்கள்.

கடைசியாக, லைனிங்கின் பக்கத் தையலில் ஒரு பாக்கெட். நெட்டுக்கும் அந்த இடத்தில் ஒரு திறப்பு விட்டுவிட்டால் கை உள்ளே போகும். போனும் வீட்டுச் சாவியும் வைக்க இடமிருந்தால் எந்த உடுப்பும் அன்றாட உடுப்பாகிவிடும். மெஷின் பல் நெட்டை உள்ளே இழுத்துக் கடித்தால் அடியில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுக்கலாம். இது அண்ணன் எனக்குச் சொன்னது.

மேலே என்ன, கீழே என்ன

காட்டன் சட்டையைச் செருகாமல் வெளியே விட்டுக்கொள்வது என் வழக்கம். வேலை அதிகமான நாளில் வெறும் டி-ஷர்ட். ஜீன்ஸ் ஜாக்கெட் உண்டென்றால் அதைப்போலப் பொருத்தமானது வேறில்லை. முரட்டுத் துணி பக்கத்தில் வந்ததும் நெட்டின் நாசூக்கு அடங்கிவிடும். கைத்தறியில் தைத்த குட்டைச் சட்டையும் நன்றாக இருக்கும், சுங்குடியிலோ கட்டம் போட்ட காட்டனிலோ ஒன்று தைத்துப் பாருங்கள்.

நகை என்றால் தோடு மட்டும். காலுக்கு ஷூ அல்லது தோல் செருப்பு. கூர்முனை ஹீல்ஸ் போட்டால் மறுபடி வரவேற்பு ஹாலுக்குப் போய்விடுவோம். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாவாடை ஒன்றுதான் அன்று பேசலாம், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

ரோட்டில் இறங்கினால்

நம் ஊரில் நெட்டுக்கு முதல் எதிரி யார் தெரியுமா? கொலுசு. இரண்டாவது மெட்டி. கொலுசின் கொக்கியில் வலையின் கண் மாட்டினால், அவசரத்தில் காலை உதறிவிடுவோம், கையகலத்துக்குக் கிழிந்துவிடும். கொலுசைக் கழற்ற மனம் வராதவர்கள் பாவாடை நீளத்தை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ளலாம். வெல்க்ரோ வைத்த பையும் இதே ரகம். உரசினால் விடாது.

டூ வீலரில் பின்னால் உட்கார்வதென்றால் பாவாடையைச் சுற்றிச் சேர்த்துத் தொடைக்கு அடியில் அழுத்தி உட்கார வேண்டும். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாதிக்காவது மறைத்துத் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. சேலை கார்டு என்கிறோமே, அதுதான். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி எத்தனை பேர் போயிருக்கிறார்கள். நெட் எடையில்லாத துணி, காற்றடித்தால் எந்தப் பக்கமும் பறக்கும். அந்தத் தடுப்பைக் கழற்றி வைத்த வண்டியில் ஏறாதீர்கள். மெட்ரோ எஸ்கலேட்டரில் ஒரு கையால் பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் பாதிக்குக் கீழே நீளம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான்.

மழைக்கு நெட் பயப்படாது. நைலானும் பாலியெஸ்டரும் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. உதறினால் பாதி ஈரம் போய்விடும். நனைந்துபோய் ஒட்டுவது லைனிங்தான். அது காயும் வரை ஃபேனுக்கு நேராக நின்றுவிட்டு வாருங்கள்.

ஏசி அறையில் வேறொரு தொல்லை. காற்று வறண்டிருந்தால் செயற்கை நூலில் நிலைமின்சாரம் ஏறி, பாவாடை காலோடு ஒட்டிக்கொள்ளும். சென்னையின் புழுக்கத்தை நாம் எவ்வளவு திட்டினாலும் அது இந்த ஒன்றில் நமக்கு உதவி செய்கிறது, ஈரக் காற்றில் இந்த மின்சாரம் தங்காது. ஆபீஸுக்குள் ஒட்டினால் கையை லேசாக நனைத்து லைனிங்கின் மேல் ஒருமுறை தடவினால் விட்டுவிடும். காலுக்கு மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டு போனால் அந்தத் தொல்லையே வராது.

துவைப்பது

தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில், மெஷினின் மென்மையான சுற்றில் விடுங்கள். கையால் துவைத்தால் அலசி எடுங்கள், பிழியாதீர்கள். இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிட்டால் சுருக்கம் தானாகவே இறங்கும். இஸ்திரி தேவையென்றால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு மெல்லிய காட்டன் துணியை விரித்துத் தேயுங்கள். நேரடியாக வைத்தால் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஒரு ஜன்னல் கிடைக்கும். வெந்நீர் போட்டுக் குளித்த பாத்ரூமில் கொஞ்ச நேரம் மாட்டி வைத்தாலே பெரும்பாலான மடிப்புகள் போய்விடும்.

பீரோவில் வைக்கும்போது புடவைகளுக்கு அடியில் மடித்து அமுக்காதீர்கள். ஹேங்கரில் மாட்டினால் மறுநாள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மடித்து அடியில் போட்டது எதுவும் அன்றாட உடுப்பாக இருந்ததில்லை.

வயசுக்கு ஏத்த மாதிரி

இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அலுவலகத்தில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, "அக்கா, உங்களுக்கு நல்லா இருக்கு, நான்லாம் போட்டா கேலி பண்ணுவாங்க" என்கிறாள். என்னைவிட மூத்தவர் ஒருவர், "உனக்குச் சரி, இந்த வயசுல எனக்கெதுக்கு?" என்கிறார். ஆக, நெட்டுக்குச் சரியான வயது எப்போதும் எதிரில் நிற்பவருடையது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ளலாம். நெட்டுக்கு இடம் பொருள் உண்டு. கோர்ட்டு, இன்டர்வியூ, துக்க வீடு, கோயில் இங்கெல்லாம் நான் போடுவதில்லை. கிளையன்ட் அலுவலகத்துக்கு ஆடிட் போகிற நாளிலும் கிடையாது, அங்கே குடோனில் ஏறி ஸ்டாக் எண்ண வேண்டியிருக்கும். ஆனால் என் மேஜை, என் கணக்கு, என் டீ என்று போகிற நாளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி வந்தது. யாரும் பார்க்கவில்லை. வாட்ச்மேன்கூட இப்போது தண்ணி லாரி வந்ததா என்று மட்டும்தான் பேசுகிறார்.

குப்பையில் போனாலும் போகாது

நெட்டைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். அதன் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று கிடைக்கும் நெட் அநேகமாகப் பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மக்காது. எரித்தால் கெட்ட புகை. ஒரு பிறந்தநாளுக்கு எடுத்த ஃப்ராக் குழந்தைக்கு அடுத்த வருடம் பற்றாது, நெட்டோ அந்தக் குழந்தையின் பேரன் காலம் வரைக்கும் எங்கேயாவது கிடக்கும்.

அதனால் புது நெட் வாங்குங்கள் என்று சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. மலிவு என்பதற்காக நிறத்துக்கு ஒன்றாக வாங்கி அடுக்கினால், ஒரு நாள் உடுப்பைப் பத்து மடங்கு ஆக்கியதுதான் மிச்சம். இந்தத் துணிக்கு நாம் செய்யக்கூடிய நியாயம், இருப்பதைத் தேயத் தேய உடுத்துவதுதான்.

இருப்பதும் அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கும். தங்கையின் வரவேற்புக்கு எடுத்த லெஹெங்கா, யாரோ பரிசாகக் கொடுத்த பார்ட்டி கவுன், ஒரே ஒரு போட்டோவில் மட்டும் வாழும் ஏதோ ஒன்று. உள்ளேயிருக்கும் விறைப்பான கேன்கேனைப் பிரித்து எடுத்துவிடுங்கள். கல்லும் ஜரிகையும் பெரும்பாலும் அடிப்பட்டையில்தான் இருக்கும். அதற்கு மேலே, கெண்டைக்கால் பாதி நீளத்துக்கு அளந்து சுற்றி வர சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டின் மேலேயே வெட்டுங்கள். நெட்டை மடிக்க வேண்டாம், தைக்க வேண்டாம், டெய்லரிடம் போக வேண்டாம். லைனிங் மட்டும் நீளமாகத் தெரிந்தால் அதை நெட்டைவிட ஓர் அங்குலம் குட்டையாக ஏற்றி மடித்து அடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. மறுநாளே போட்டுக்கொண்டு கிளம்பலாம்.